ஜிடி-ஆர், என்எஸ்எக்ஸ், ஆர்எக்ஸ்-7, சுப்ரா: நான்கில் எதை வாங்குவது?

"கையில கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கு அண்ணா. சின்ன வயசுல சுவத்துல ஒட்டி வச்சிருந்த ஜப்பான் வண்டிகள்ல ஒண்ணை வாங்கிடலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?" மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் ஆட்கள். பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32), ஹோண்டா என்எஸ்எக்ஸ், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (எஃப்டி), டொயோட்டா சுப்ரா (ஏ80). அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தத் தலைமுறையின் குறியீடு. ஜப்பானில் வேலை பார்த்த வருடங்களில் நான்கையும் பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றை வாங்கி, கை சுட்டுக்கொண்டு, விற்றும் இருக்கிறேன். எது என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவிலிருந்து கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு மேல் வயதான பழைய காரை இந்தியாவுக்குச் சாதாரண வழியில் இறக்குமதி செய்ய விதி இடம் தராது. உங்களுக்கு இது படித்து ரசிக்க மட்டும்தான். மன்னிக்கவும்.

சுபாரு 22பி, லெக்ஸஸ் எல்எஃப்ஏ, ஆர்34 ஜிடி-ஆர் எல்லாம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். 22பி 1998-இல் ஜப்பானுக்கென்று வந்தது வெறும் 400. எல்எஃப்ஏ உலகத்துக்கே 500. ஆர்34-இல் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் படத்தில் ஓட்டிய ஒன்று 2023-இல் 13 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவற்றை வாங்கக்கூடியவர் என்னிடம் யோசனை கேட்க மாட்டார். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசு கேட்காமல் ஏல விலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடை போடுவது

குதிரைத்திறனை வைத்து எடை போட முடியாது. அந்தக் காலத்தில் ஜப்பான் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு எழுதாத ஒப்பந்தம் வைத்திருந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காரும் 280-ஐத் தாண்டாது. 2004 வரை அது நீடித்தது. அதனால் ஆர்32 ஆனாலும் சுப்ரா ஆனாலும் காகிதத்தில் 280தான். 255-இல் தொடங்கிய எஃப்டியும் கடைசியில் 280-க்கு வந்து நின்றது. சுப்ராவுக்கு வெளிநாட்டுச் சந்தையில் டொயோட்டா போட்ட எண் 320. காகிதம் எவ்வளவு உண்மை பேசியது என்பதற்கு அதுவே சாட்சி.

நான் பார்ப்பது வேறு நான்கு விஷயம். முதலாவது, கை படாத வண்டி, அதாவது தொழிற்சாலையில் வந்தபடியே எதையும் மாற்றாத வண்டி, இன்னும் கிடைக்கிறதா. இரண்டாவது, ஸ்பேர் பார்ட்ஸ். மூன்றாவது, அதைத் தொடத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்து ஒரு நாள் ஓட்டத் தூரத்துக்குள் இருக்கிறாரா. நான்காவதுதான் முக்கியமானது: அந்த வண்டி எந்த நுட்பத்தால் பேர் வாங்கியதோ, அந்த நுட்பம் இன்றைக்கு எவ்வளவு செலவு வைக்கும். இந்த நான்கு வண்டியிலும் பெருமையும் பில்லும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

## நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 (1989–1994)

இந்த வண்டியின் இன்ஜின் ஏன் 2.6 லிட்டர்? இரண்டரையும் இல்லை, மூன்றும் இல்லை. காரணம் பந்தய விதி. குரூப் ஏ என்பது சாலையில் விற்கும் கார்களை வைத்து நடத்தும் பந்தயம். அதில் டர்போ (கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் கருவி) வைத்த இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள். 2,568 சிசியை 1.7-ஆல் பெருக்கினால் 4,366. 4,500-க்குள் அடங்கிவிடுகிறது. வகுப்பைப் பார்த்து இன்ஜினை வெட்டித் தைத்திருக்கிறார்கள். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், இரண்டு டர்போ. ஓட்டம் சாதாரணமாகப் பின் சக்கரத்தில். பின் சக்கரம் வழுக்கினால் கணினி ஒரு கிளட்சை அழுத்தி, பாதி வரைக்கும் விசையை முன்னால் அனுப்பும். எவ்வளவு போகிறது என்று காட்ட டேஷ்போர்டிலேயே ஒரு மீட்டர் இருக்கிறது. விளைவு ஊரறிந்தது. ஜப்பான் குரூப் ஏ தொடரில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயத்தையும் ஜிடி-ஆர்தான் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்டில் 1991, 1992 இரண்டு வருடமும் ஜெயித்தது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் வைத்ததும் ஆஸ்திரேலியப் பத்திரிகைதான்.

சரி, பில் எங்கே? டர்போவின் டர்பைனை நிஸான் செராமிக்கில் செய்தது. எடை குறைவு, சட்டென்று சுழலும். ஆனால் அழுத்தத்தை ஏற்றினால் பீங்கான் கோப்பை மாதிரி உடைந்து சிதறும். ஆரம்பகால இன்ஜினில் ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனை குட்டையானது. இன்ஜினை அதன் உச்சச் சுற்றில் அடிக்கடி முட்டவிட்டால் பம்ப் போகும், பின்னாலேயே இன்ஜினும் போகும். நின்று போகாமல் ஓட வேண்டுமானால் இந்த இரண்டுக்கும் ஏற்கனவே வைத்தியம் செய்த வண்டியாகப் பாருங்கள். செய்யாததென்றால் அதற்கான பணத்தை விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 44 ஆயிரத்துக்குச் சற்றே குறைவாகச் செய்தார்கள். எண்ணிக்கையில் இது அபூர்வ வண்டியே இல்லை. கை படாத ஆர்32-தான் அபூர்வம். யோகோஹாமா பக்கம் ஒரு வியாபாரி "65 ஆயிரம் கிலோமீட்டர்தான் சார், ஒரிஜினல்" என்று ஒன்றைக் காட்டினார். உள்ளே உட்கார்ந்தேன். சீட் துணி நன்றாக இருந்தது, கியர் கைப்பிடி பளபளவென்று. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் 300 வரை எண் போட்டிருக்கிறது. ஜப்பானில் விற்ற ஆர்32-க்குத் தொழிற்சாலையில் வைத்தது 180 வரைக்கும்தான், வண்டியே 180-இல் கட்டுப்படுத்தப்பட்டது. அப்படியானால் மீட்டரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியபோது எத்தனை ஓடியிருந்தது, அதற்கான சீட்டு எங்கே என்று கேட்டேன். டீ வந்தது, சீட்டு வரவில்லை.

இன்னொன்று: சாதாரண ஸ்கைலைனுக்கு ஜிடி-ஆர் வேஷம் போட்டு விற்பவர்கள் உண்டு. பானட்டுக்குள் இருக்கும் ஷாசி நம்பர் பிஎன்ஆர்32 என்று தொடங்க வேண்டும். எச்சிஆர்32 என்றிருந்தால் மேலே எத்தனை பேட்ஜ் குத்தியிருந்தாலும் அது ஜிடி-ஆர் இல்லை. ஒரு காந்தத்தையும் கொண்டு போங்கள். ஜிடி-ஆரின் பானட்டும் முன் ஃபெண்டரும் அலுமினியம், காந்தம் ஒட்டாது. துருவை முன் சஸ்பென்ஷன் மேல்முனையிலும் பின் கண்ணாடி ஓரத்திலும் தேடுங்கள்.

பார்ட்ஸில் ஆறுதல் உண்டு. 2017 கடைசியிலிருந்து நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ பழைய ஜிடி-ஆர் பார்ட்ஸை மறுபடி செய்து விற்கிறது. விலையைப் பார்க்கும்போது உட்கார்ந்து பாருங்கள்.

## ஹோண்டா என்எஸ்எக்ஸ் (1990–2005)

மொத்த உடம்பையும் அலுமினியத்தில் செய்து தொழிற்சாலையில் வரிசையாக இறக்கிய முதல் கார் இதுதான். இரும்பில் செய்திருந்தால் நூறு கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். இன்ஜின் முதுகுக்குப் பின்னால், மூன்று லிட்டர் வி6, டர்போ கிடையாது. டைட்டானியம் கனெக்டிங் ராட் போட்டதால் 8,000 சுற்று வரை போகும். 1989-இல் சுஸுகா தடத்தில் மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னா, உடம்பு இன்னும் இறுக வேண்டும் என்றார். ஹோண்டா ஆட்கள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்குக்குப் போய் அதையே வேலையாக வைத்து இறுக்கினார்கள். மெக்லாரன் எஃப்1 என்ற காரை வடிவமைத்த கார்டன் மர்ரே, தனக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது இந்த வண்டியைத்தான்.

நான்கில் தினமும் ஓட்டத் தோதானது இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குளிர்காலக் காலையிலும் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும். சுற்றிலும் கண்ணாடி, எல்லாப் பக்கமும் தெரியும். ஓட்டுபவரை மிரட்டாது. அதனால்தானோ என்னவோ, நான்கில் அதிகம் கை படாமல் தப்பித்ததும் இதுதான். புதிதில் 80 லட்சம் யென்னுக்கு மேல் கொடுத்து வாங்கியவர்கள், ஆர்32 வாங்கியவர்கள் கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தவர்கள். அதை அறுத்து ஒட்டி விளையாட அவர்களுக்கு மனம் வரவில்லை.

பில் அலுமினியத்தில்தான். பக்கவாட்டில் ஒரு இடி விழுந்தால் தெருமுனை டிங்கரிங் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. அலுமினியம் வெல்டிங் தெரிந்தவர், அளவுச் சட்டம் வைத்திருப்பவர் வேண்டும். விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த என்எஸ்எக்ஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள் என்பேன். ஆரம்பகால ஐந்து கியர் வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட எண் வரிசை கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு வளையம் உடையும் பிரச்சினை இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிட அதிகம் கனமில்லாத வளையம்தான், உடைந்தால் கியர்பாக்ஸையே தின்றுவிடும். நம்பரைக் கேட்டு வாங்கி அந்த வரிசையில் வருகிறதா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு வேண்டும். ஏசி கன்ட்ரோல் பலகையிலும் ஸ்பீக்கர் ஆம்பிளிஃபயரிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் ஒழுகும். இது சின்னச் செலவு. டயர்தான் எரிச்சல். முதல் வண்டிகளுக்கு முன்னால் 15 அங்குலம், பின்னால் 16. அந்த அளவில் நல்ல டயர் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை, பின் டயர் வேகமாகவும் தேயும்.

காசு கொஞ்சம் குறைகிறதென்றால் ஆட்டோமேட்டிக் என்எஸ்எக்ஸ் பாருங்கள். சேகரிப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், அதனால் விலை இறங்கியிருக்கும். 15 வருடத்தில் மொத்தமே 18 ஆயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். அதில் 1992-இல் வந்த, எடை குறைத்த டைப் ஆர் ரகம் 483. டைப் ஆர் விலை பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை வேறு ஆட்களுக்கானதாகிவிடும்.

## மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி (1991–2002)

நான் வாங்கியது இதைத்தான்.

பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி. மொத்தம் 1,308. இன்ஜின் அவ்வளவு சின்னதாக இருப்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தாழ்த்தி வைக்க முடிந்தது. எடை 1,300 கிலோ பக்கம், முன்னும் பின்னும் சரிபாதி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு திரும்புவது நினைத்ததும் நடக்கும். இந்த நான்கில் ஓட்டும் சுகத்துக்கு மட்டும் மார்க் போட்டால் எனக்கு எஃப்டிதான் முதல். ஜப்பான் வாகன வரியில் ரோட்டரியின் சிசியை ஒன்றரையால் பெருக்குவார்கள். அப்படியும் 1,962, இரண்டு லிட்டருக்குள் அடங்கிவிடும். நான் சேமித்தது அந்த வரி மட்டும்தான்.

ரோட்டரின் மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய பட்டை. உள்சுவரை உரசிக்கொண்டே ஓடும். 1960-களில் மாஸ்டா பொறியாளர்கள் இந்தப் பட்டை சுவரில் விட்ட கோடுகளுக்குப் 'பேயின் நகக்கீறல்' என்று பெயர் வைத்து, அதைப் போக்க வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். போக்கியும் விட்டார்கள். எஃப்டி வந்த அதே 1991-இல் நான்கு ரோட்டர் 787பி லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தது. ஆனால் டர்போ வைத்த ரோட்டரியில் எரிபொருள் ஒருமுறை தப்பான நேரத்தில் வெடித்தாலே அந்தப் பட்டை விரிசல் விடும். சூடேறினால் கூலன்ட் சீல் போகும். எஃப்டியில் டர்போ இரண்டும் வரிசையாக வேலை செய்பவை, முதலில் ஒன்று, 4,500 சுற்று வாக்கில் மற்றதும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கைமாற்றலைச் செய்வது ஒரு கூடை நிறைய வேக்கம் குழாய்களும் வால்வுகளும். முப்பது வருட இன்ஜின் சூட்டில் அந்த ரப்பர் வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும்.

வாங்கும் முன் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பது) பார்க்க ரோட்டரிக்கென்றே ஒரு டெஸ்டர் உண்டு, சாதாரணக் கருவி உதவாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் மாட்டி, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார்கள். பஃப், பஃப், பஃப். மூன்று முகத்துக்கு மூன்று மூச்சு, ஒரே சீராக வர வேண்டும். முன் ரோட்டர் 8.1, 8.0, 7.9. பின் ரோட்டர் 7.6, 7.7, அப்புறம் 6.4. காதிலேயே தெரிந்தது, மூன்றாவது மூச்சு இளைத்திருந்தது. ஏழுக்குக் கீழே போகக் கூடாது என்பது மாஸ்டா கணக்கு. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். சிவப்பு நிறம். வாங்கிவிட்டேன். பதினாலு மாதத்தில் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தது.

அதனால் எஃப்டிக்கு என் கணக்கு இது: வண்டி விலையோடு ஒரு இன்ஜின் பிரித்துக் கோக்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை கைக்குள் அடங்கினால் வாங்குங்கள். டெஸ்டரை வைக்க விடாத வியாபாரியிடம் பேச்சை வளர்க்காதீர்கள். ஆயில் குறைந்தால் பயப்பட வேண்டாம், சீலுக்கு எண்ணெய் விட இன்ஜினே அதைக் குடிக்கும். குறையவே இல்லை என்றால்தான் கவலை. கடைசியாக 2002-இல் வந்த 1,500 ஸ்பிரிட் ஆர் வண்டிகளுக்குச் சந்தையே தனி.

## டொயோட்டா சுப்ரா ஏ80 (1993–2002)

இதில் கதை தலைகீழ். 2ஜேஇசட் இன்ஜினின் இரும்பு பிளாக் தேவைக்கு மேல் பலமானது. உள்ளே ஒன்றையும் தொடாமலேயே இரண்டு மடங்கு குதிரைத்திறனைத் தாங்கும். அந்தப் பலமே வினை. தாங்கும் என்று தெரிந்ததும் எல்லோரும் ஏற்றினார்கள். வரிசை டர்போவைத் தூக்கிவிட்டுப் பெரிதாக ஒன்றை வைப்பது சுப்ரா வாங்கியவர்களின் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்குத் தொழிற்சாலை டர்போ, தொழிற்சாலை சைலன்சர், ஆறு கியர் கெட்ராக் கியர்பாக்ஸ் மூன்றும் ஒன்றாக இருக்கும் வண்டி கிடைத்தால் கும்பிட்டு வாங்கலாம்.

விலையில் சினிமாவும் சேர்ந்திருக்கிறது. 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' என்று சொல்லவே வேண்டாம். அந்தப் படத்தில் வந்த ஆரஞ்சு சுப்ரா 2021-இல் ஐந்தரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்குப் பிறகு எல்லா சுப்ராக்காரர்களும் தங்கள் வண்டியையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், கொடுக்கும் காசுக்கு வண்டி குறைவாகக் கிடைப்பது நான்கில் இங்கேதான்.

ஏமாற்றும் இங்கே லேசு. டர்போ இல்லாத சுப்ராவுக்கும் ஷாசி நம்பர் ஜேஇசட்ஏ80 என்றேதான் தொடங்கும். பானட்டுக்குள் உள்ள தகட்டில் முழு மாடல் குறியீட்டையும் படித்து, பிறவியிலேயே டர்போவா, பின்னால் ஏற்றியதா என்று உறுதி செய்யுங்கள். கெட்ராக் கியர்பாக்ஸுக்கு மட்டும் கேட்கும் விலையில் ஒரு நல்ல சின்னக் கார் வந்துவிடும். டொயோட்டாவும் பழைய சுப்ரா பார்ட்ஸ் சிலவற்றை மறுபடி செய்து தருகிறது, நல்ல விஷயம்.

## ஒரே பார்வையில்

| | ஆர்32 ஜிடி-ஆர் | என்எஸ்எக்ஸ் | ஆர்எக்ஸ்-7 எஃப்டி | சுப்ரா டர்போ |
|---|---|---|---|---|
| பேர் வாங்கிய நுட்பம் | நான்கு சக்கர விசைப் பகிர்வு | அலுமினிய உடம்பு | ரோட்டரி, வரிசை டர்போ | அசைக்க முடியாத இன்ஜின் |
| பில் வரும் இடம் | டர்பைன், ஆயில் பம்ப், துரு | உடம்பு வேலை, கியர்பாக்ஸ் வளையம் | சீல்கள், ரப்பர் குழாய்கள் | ஒரிஜினலுக்குத் திருப்புவது, கெட்ராக் |
| கை படாதது கிடைக்குமா | தேடினால் | ஓரளவு எளிது | கடினம் | மிகக் கடினம் |
| தினசரி ஓட்டம் | பரவாயில்லை | நன்று | வேண்டாம் | நன்று |
| மெக்கானிக் | பல நாடுகளில் உண்டு | குறைவு | ரோட்டரி தெரிந்தவர் மட்டும் | எங்கும் உண்டு |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

முதலில் சட்டம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 25 வருடம், கனடாவில் 15 வருடம் ஆன வண்டிக்கு வழி திறக்கும். இந்த நான்கில் பெரும்பாலானவை வரம்பைத் தாண்டியவை, 2000-க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு, முக்கியமாக 2005 வரை வந்த என்எஸ்எக்ஸுக்கு, மாதக் கணக்குப் பாருங்கள். இங்கிலாந்தில் 30 வருடம் தாண்டிய, ஒரிஜினல் நிலையில் உள்ள சேகரிப்பு வண்டிக்கு இறக்குமதி வரிச் சலுகை உண்டு. 'ஒரிஜினல் நிலை' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெரிய டர்போ வைத்த சுப்ராவைக் கொண்டு வந்து அந்தச் சலுகை கேட்டால் சங்கடம்.

கனடாவில் வலப்பக்க ஸ்டியரிங் என்றாலே கையை விரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆட்கள் உண்டு. வண்டிக்குப் பணம் அனுப்பும் முன் இன்ஷூரன்ஸுக்குப் பேசுங்கள். 'சந்தை மதிப்பு' என்று எழுதினால் போதாது, வண்டி போனால் இவ்வளவு தருவோம் என்று தொகையைக் குறித்த பாலிசி கேளுங்கள்.

ஜப்பான் ஏலச் சீட்டை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான். 4, 3.5 என்று மதிப்பெண். ஆர் என்றிருந்தால் சட்டகம் வரை அடிபட்டுச் சரிசெய்தது. படத்தில் ஏ கீறல், யு பள்ளம், டபிள்யூ பெயின்ட் வேலை நடந்த இடம், எக்ஸ்எக்ஸ் பலகையே மாற்றியது. நாலரை மதிப்பெண் வாங்கிய எஃப்டிக்குள்ளும் 6.4 கம்ப்ரஷன் ஒளிந்திருக்கலாம். சீட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

## யாருக்கு எது

வாரம் முழுக்க ஓட்ட வேண்டும், பிரச்சினை வேண்டாம், பணம் சற்றே கூடுதலாக இருக்கிறது: என்எஸ்எக்ஸ். விபத்துப் படாத, சீட்டுகள் உள்ள கையியக்கக் கியர் வண்டி.

இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பதே பொழுதுபோக்கு, கராஜும் பொறுமையும் இருக்கிறது, இன்னொரு கார் வாசலில் நிற்கிறது: எஃப்டி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

வாங்கி, ரசித்து, பத்து வருடம் கழித்து நஷ்டமில்லாமல் கைமாற்ற வேண்டும்: ஒட்டு வேலை செய்யாத ஆர்32. பந்தய வரலாறு, பார்ட்ஸ், தெரிந்த மெக்கானிக் மூன்றும் இருப்பதால் வாங்க ஆள் எப்போதும் இருப்பார்கள். மேலே கேட்ட தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

சுப்ரா? ஏற்கனவே மாற்றிய வண்டியை மாற்றிய வண்டியின் விலைக்கே வாங்கி, ஓட்டித் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் சரி. கை படாததற்குச் சேகரிப்பாளர் விலை கொடுத்துவிட்டு, மழை பெய்தால் வெளியே எடுக்க யோசிப்பதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு என்எஸ்எக்ஸ் இன்னும் நல்லது.

தம்பி போன வாரம் மூன்று ஆர்32 படம் அனுப்பினார். இரண்டில் ஸ்பீடோமீட்டர் 300 வரை இருந்தது. மூன்றாவதில் 180. அதன் ஷாசி நம்பர் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.